முத்துக்குளித்துறையில் நான்கு நாட்கள்: தூத்துக்குடி முதல் உவரி வரை முழுமையான வழிகாட்டி

திருச்செந்தூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராகக் கன்னியாகுமரிக்கு வண்டியை விட்டுவிடுவார்கள். இரண்டு ஊரிலும் நிற்க இடம் இருக்காது. இவை இரண்டுக்கும் நடுவிலும், திருச்செந்தூருக்கு வடக்கே தூத்துக்குடி வரையிலும் நீண்டு கிடக்கும் கரையிலோ, சாதாரண நாளில் வலை சரிசெய்கிறவர்களைத் தவிர ஆள் நடமாட்டமே குறைவு. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற கரை இதுதான். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காரில் நிற்காமல் போனால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒழுங்காகப் பார்க்க நான்கு நாள் வேண்டும்.

இங்கே கோயில் பட்டியலை வைத்துக்கொண்டு சுற்றினால் பாதிதான் புரியும். துறைமுகங்களைத் தொடர்ந்து போங்கள் என்பதுதான் என் யோசனை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அதனால் பாண்டியர் காலத்துக் கொற்கை கரையை இழந்தது. அடுத்துக் காயல் எழுந்தது, அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், காயல்பட்டினம், கடைசியில் தீவுகளின் மறைப்பில் கப்பல் நிற்க வசதியாக இருந்த தூத்துக்குடி. இந்த வரிசை மனதில் இருந்தால், வயல் நடுவில் நின்றாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

எப்போது போவது

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். வெயில் இருக்கும், தாங்கலாம். ஏப்ரல், மே கொளுத்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று பலமாக அடிக்கும். மணல் பறந்து கண்ணில் விழும், மணப்பாடு குன்றில் தொப்பி நிற்காது. அலைச்சறுக்கு, காற்றாடிப் பலகை என்று வருகிறவர்களுக்கு மட்டும் அந்தக் காற்று வேண்டும்.

நவம்பர், டிசம்பரைத் தவிர்ப்பதே நல்லது. 2023 டிசம்பர் 17-18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பாலங்களும் ரயில் பாதையும் பழுதாகி, ஊர்கள் தனித்தனியாகத் துண்டிக்கப்பட்டன. எல்லா வருடமும் அப்படி இருக்காதுதான். ஆனாலும் வடகிழக்குப் பருவமழையில் இங்கே திட்டம் போட்டு எதுவும் நடக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது பெரிய மீன் வரத்து குறையும். நாட்டுப்படகுகள் போய்வரும் என்பதால் சாப்பாட்டுக்குக் குறை வராது.

பிறகு விழா நாட்கள். தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா, ஐப்பசியில் கந்தசஷ்டி: இந்த நாட்களில் திருச்செந்தூர் பக்கமே தலைவைக்க வேண்டாம், விழாவைப் பார்க்கவே போனால் தவிர. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வ சாஸ்தா கோயில்களுக்குத் தென்மாவட்டமே கிளம்பும். அன்றைக்குப் பேருந்தில் ஏறுவதே பெரிய பாடு.

போய்ச் சேர்வதும் வண்டியும்

சென்னையிலிருந்து இரவு ரயில்கள் இரண்டு: தூத்துக்குடிக்கு முத்துநகர், திருச்செந்தூருக்குச் செந்தூர். முத்துநகரில் போய்ச் செந்தூரில் திரும்புவது இந்தப் பயணத்துக்குப் பொருத்தம். இரண்டிலும் சனி, ஞாயிறு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாகைக்குளம் விமான நிலையமும் இருக்கிறது.

தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் பேருந்துக்குப் பஞ்சமில்லை. திருச்செந்தூரிலிருந்து உவரி, கூடங்குளம் வழியாகத் தெற்கே போகும் பேருந்துகளும் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முதன்மைச் சாலையைவிட்டு விலகிய கொற்கை, புன்னைக்காயல், செம்மணல் மேடுகளான தேரி ஆகிய மூன்றுக்கும் பேருந்தை மட்டும் நம்பினால் நாள் முழுக்கக் காத்திருப்பதிலேயே போய்விடும். அந்த ஒன்றரை நாளுக்குக் கார் அல்லது ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முதலிலேயே பேசிவிட்டு ஏறுங்கள்.

தங்குவதற்குத் தூத்துக்குடியும் திருச்செந்தூரும்தான் வசதி. மணப்பாட்டிலும் உவரியிலும் இடம் குறைவு. கேட்டு உறுதிசெய்யாமல் இரவில் போய் இறங்க வேண்டாம்.

முதல் நாள்: தூத்துக்குடி

பனிமய மாதா கோயிலில் தொடங்கலாம். மாதா சொரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்கிறது ஆலய வரலாறு. இப்போது நாம் பார்க்கும் கோயில் 1713-இல் எழுந்தது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. போர்ச்சுகீசியர் காலத்தில், 1530-களின் நடுவில், இந்தக் கரையின் பரதவர்கள் கூட்டமாகக் கிறித்தவத்துக்கு மாறினார்கள். முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டையில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டதுதான் அதற்கு முக்கியமான காரணம். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று ஏழு கடற்துறைகளைச் சேர்த்துச் சொல்வது இன்றும் வழக்கம்.

கோயிலிலிருந்து பழைய துறைமுகம் நடக்கும் தூரம்தான். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்த ஊரிலிருந்து. மாலையில் கடற்கரைச் சாலை, ரோச் பூங்கா. இரவில் பரோட்டா. மக்ரூன் வாங்குவதானால் ஊர் திரும்பும் நாளில் வாங்குங்கள். முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அது, பையில் நான்கு நாள் குலுங்கினால் பொடியாகிவிடும்.

இரண்டாம் நாள்: கடல் இல்லாத துறைமுகங்கள்

காலையில் திருச்செந்தூர் சாலையில் கிளம்புங்கள். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளங்கள். வெயில் ஏறும் முன்பே வேலை நடக்கும். பாத்தியில் உப்பு வாருகிறவர்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் வெள்ளைக் குவியல்களைக் காணலாம்.

முதலில் கொற்கை. முக்காணி பக்கமிருந்தோ ஏரல் பக்கமிருந்தோ உள்ளே போக வேண்டும். அங்கே பெரிய தூண்களோ கோட்டையோ எதிர்பார்க்காதீர்கள். வாழைத்தோட்டம், வயல், ஒரு குளம், சில தெருக்கள். அவ்வளவுதான். சங்கப் பாட்டுகள் முத்துக்காகப் புகழ்ந்த ஊர், கிரேக்க மாலுமிகளின் குறிப்பில் வருகிற ஊர், இன்றைக்குக் கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த கரியின் காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. 2021-இல் மறுபடி தோண்டினார்கள்.

குளக்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில் சின்னதாக இருக்கும். ஊருக்குள் ஒரு வன்னிமரம். வயது ஈராயிரம் என்பார்கள் ஊர்க்காரர்கள். அந்தக் கணக்கு எப்படியோ, மரத்தின் அடி முறுகித் திருகி, பாதி உள்ளீடற்றுக் கிடக்கும் கோலத்தைப் பார்த்தால் வாதாடத் தோன்றாது. பக்கத்திலேயே அக்கசாலை என்ற இடத்தில் ஈஸ்வரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். வயல்வெளியில் நடக்கும்போது காலடியில் சங்குத் துண்டு தட்டுப்பட்டால் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். இது தொல்லியல் இடம், மேல்மண்ணில் கிடப்பதும் சான்றுதான்.

அடுத்து பழையகாயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் இந்தப் பகுதிதான். ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து பாண்டியனுக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. குதிரைக்காகப் பாண்டியர் கொட்டிக்கொடுத்த பணத்தைப் பற்றி அவர் வியந்து எழுதியிருக்கிறார். ராபர்ட் கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே தேடி, சீனப் பீங்கான் ஓடுகளையும் அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளையும் கண்டெடுத்தார். இப்போது ஊரைக் கடந்து போகும் பேருந்துகள் நிற்பதுகூடத் தெரியாது.

முக்காணியில் ஆற்றைக் கடந்தால் ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கிழக்கே சேர்ந்தபூமங்கலம். தாமிரபரணிக் கரையில் நவகைலாயம் என்று சொல்லும் ஒன்பது சிவன் கோயில்களில் கடைசியானது இங்கே இருக்கிறது. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் கொற்கையில் நேரம் போவது தெரியாமல் நின்றுவிட வேண்டாம். அதே சாலையின் முடிவில் புன்னைக்காயல். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அன்றிக் அடிகளார் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஊர் இது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தமிழில் பெயர்த்தது. இந்திய மொழி ஒன்றில் இந்தியாவிலேயே அச்சேறிய முதல் புத்தகம் அதுதான். அச்சுத் தமிழின் தொடக்கத்தோடு உறவுள்ள ஊருக்கு வந்து, மீன்வலைக் குவியலுக்கு நடுவே நிற்பது எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம்.

மாலைக்குக் காயல்பட்டினம். பழைய பள்ளிவாசல்கள் பல உள்ள ஊர். அரபு நாடுகளோடும் இலங்கையோடும் நூற்றாண்டுக்கணக்கில் வியாபாரம் செய்தவர்கள். வீடுகளுக்கு நடுவே பெண்கள் மட்டும் போய்வர ஒடுங்கிய சந்துகள் உண்டு. ஆண்கள் அதில் நுழையக் கூடாது, எட்டிப் பார்த்துப் படமும் எடுக்கக் கூடாது. பள்ளிவாசலுக்குள் போக விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் இருக்கும் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். சாயங்காலம் கடற்கரையில் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். வட்டிலப்பம் கிடைத்தால் விடாதீர்கள். இரவு திருச்செந்தூர், பத்துப் பதினைந்து நிமிடத் தூரம்.

மூன்றாம் நாள்: திருச்செந்தூர், தேரி, குலசை

இந்தப் பயணத்திலேயே கூட்டம் உள்ள இடம் திருச்செந்தூர் மட்டும்தான். அறுபடை வீடுகளில் கடலோரத்தில் இருப்பதும் இது ஒன்றே. செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு, கார்த்திகை, சஷ்டி எல்லாம் நெரிசல். திங்கள், புதன், வியாழனில் விசேஷம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். வழக்கமாக அதிகாலை 5 மணிக்கு நடை திறக்கும், மார்கழியிலும் திருவிழாவிலும் அதற்கும் முன்னாலே. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். செல்பேசிக்குத் தடை; அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் ஒரு வரிசை மிச்சம்.

சுவாமி கிழக்கே கடலைப் பார்த்திருக்க, ஒன்பது நிலை ராஜகோபுரம் மேற்கே நிற்கும். 1640-களில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் கொண்டுபோய்க் கடலில் விட்ட சிலையை வடமலையப்ப பிள்ளை மீட்டு வந்து 1653-இல் நிறுவினார் என்பது தலவரலாறு. நாழிக்கிணற்றைப் பார்க்காமல் வராதீர்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், படி இறங்கிப் போனால் ஒரு சின்னச் சதுரக் குழி, அதில் உப்புக் கரிக்காத தண்ணீர். கடலில் முங்கிய பிறகு இதில் குளிப்பது முறை. பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் வெளியே வந்துவிட்டால், அதன் பிறகு நாள் முழுக்க உங்களுடையது.

ஊருக்கு மேற்கே தேரிக்காடு. இரும்புச்சத்துப் படிந்து செக்கச் செவேல் என்று கிடக்கும் மணல்மேடுகள். பனையும் முந்திரிக் காடும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இரண்டும் தேரிக்குள். இரண்டாவதில் அந்த வறண்ட மணல் நடுவே சுனை ஒன்று இருக்கிறது. காலை 10 மணிக்கு மேல் தேரி மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. காரைச் சாலையைவிட்டு மணலில் இறக்கினால் இழுவை வண்டிதான் வர வேண்டும்.

மதியம் உடன்குடி. புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி இந்த ஊருடையது. கருப்பட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த பக்கம் சீனிப் பரல் போல மினுங்கினால் கலப்படம், வேண்டாம். நல்லது மங்கலாக, கறுத்துத்தான் இருக்கும். மார்ச்சுக்கு மேல் வந்தால் பனை ஓலைப் பட்டையில் நுங்கு போட்ட பதநீர் கிடைக்கும். காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

அப்புறம் குலசேகரன்பட்டினம். எல்லோரும் குலசை என்றுதான் சொல்வார்கள். முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் சேர்ந்து அமர்ந்த கோயில். நவராத்திரிப் பத்து நாளும் மாலை போட்ட பக்தர்கள் காளி, குறவர், குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை பிரிப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அந்த நாட்களில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாளில் கோயிலும் கடலும் அமைதி. 2024 பிப்ரவரி 28-இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கவிடுவது, வேலி ஓரம் நின்று படம் எடுப்பது வேண்டாம். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் இதே எச்சரிக்கை.

நான்காம் நாள்: மணப்பாடும் உவரியும்

மணப்பாட்டுக்குக் காலை வெளிச்சத்தில் போங்கள். தட்டையான கரையில் திடீரென்று ஒரு மணற்பாறைக் குன்று கடலுக்குள் நீண்டிருக்கும். மேலே திருச்சிலுவை ஆலயம், கலங்கரை விளக்கம். புயலில் சிக்கித் தப்பிய போர்ச்சுகீசிய வணிகக் கப்பலின் தலைவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து 1540-இல் இங்கே நட்டார் என்கிறது ஆலய வரலாறு. 1581-இல் ஆலயம் எழுந்தது. செப்டம்பர் 14 திருவிழா.

குன்றின் கடல்பக்கச் சரிவில் இறங்கினால், 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. உள்ளே ஒரு கிணறு. அலை கீழே பாறையில் மோதும் சத்தம் குகைக்குள்ளும் கேட்கும், ஆனால் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்காது. நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது புதிதல்ல: இந்தக் கரை முழுக்க மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து தங்குகிறது. முருகன் கோயிலிலும் சவேரியார் குகையிலும் மக்கள் அதைக் கையில் ஏந்திக் கும்பிடுவது ஒரே மாதிரிதான்.

குன்றிலிருந்து வடக்கே பார்த்தால், கருமேனியாறு வந்து கலக்கும் இடத்தில் மணல்திட்டால் கடலிலிருந்து பிரிந்த உப்பங்கழி. ஒரு பக்கம் அலையே இல்லாத பச்சைத் தண்ணீர், மறுபக்கம் நுரை. கீழே ஊருக்குள் மறக்காமல் நடந்து பாருங்கள். கொழும்பு வியாபாரத்தில் செழித்த குடும்பங்களின் பழைய வீடுகள், தூண் வைத்த திண்ணைகள், பூட்டிக் கிடக்கும் மாடிகள். சிலவற்றில் ஆள் இருக்கிறார்கள், அதனால் ஜன்னலில் கேமராவை நீட்ட வேண்டாம்.

தெற்கே போகும் வழியில் கொஞ்சம் உள்ளே திரும்பினால் இடையன்குடி. பழையகாயலில் ஓடு பொறுக்கிய கால்டுவெல் 1841 முதல் வாழ்ந்த ஊர். அவர் எழுப்பிய தூய திரித்துவ ஆலயம் கட்டி முடிய 33 வருடம் ஆனது, 1880-இல் திறந்தார்கள். அவர் கல்லறையும் அதற்குள்தான். வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் இந்தத் தேரி வெயிலில் உட்கார்ந்தா எழுதினார் என்று ஆச்சரியமாக இருக்கும்.

உவரியில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்: அந்தோணியார் திருத்தலம், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா கோயில், கடலை ஒட்டிய சுயம்புலிங்க சுவாமி கோயில். சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்த்திக்கடன், மண் சுமப்பது. கடலில் முங்கி, அலை இறங்கும் இடத்தில் ஈர மணலை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக் கரையேறுவார்கள். பெட்டியின் பின்னல் வழியாகத் தண்ணீர் வடிந்து தோளெல்லாம் நனையும். கொண்டுவந்து கொட்டிவிட்டு மறுபடி கடலுக்கு. பெரியவர்களோடு குழந்தைகளும் சின்னப் பெட்டியோடு நடப்பார்கள். அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம், அதைக் கணக்கில் வையுங்கள்.

நேரம் இருந்தால் கூடங்குளம் தாண்டி வட்டக்கோட்டை வரை போகலாம். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்காக முன்பு டச்சுப் படையில் இருந்த டிலனாய் பலப்படுத்திய கடலோரக் கோட்டை. மாலையில் கதவு சாத்தும் முன் போய்ச் சேர வேண்டும்.

கடலில் இறங்கும் முன்

ஆள் இல்லாத கரை என்றால் காப்பாற்றவும் ஆள் இல்லாத கரை. மணப்பாடு குன்றைச் சுற்றியும் ஆற்று முகத்துவாரங்களிலும் இழுப்பு அதிகம், அங்கே நீந்த வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் ‘கள்ளக்கடல்’ என்று எச்சரிக்கை வரும்: வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். கடல் நிலையைக் கணிக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விடுத்த நாளில் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். மற்ற நாட்களில் மீனவர்களிடம் கேளுங்கள். “இன்னைக்கு இறங்காதீங்க” என்று சொன்னால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் மேலே வந்துவிடுங்கள். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், படகில் ஏறிப் படம் எடுக்காதீர்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்

திருச்செந்தூரில் தங்கி, அதிகாலைத் தரிசனம் முடித்து, ஒன்பது மணிக்குள் மணப்பாடு போய்விடுங்கள். மதியம் உடன்குடியில் சாப்பாடும் கருப்பட்டியும். மூன்று மணிக்குப் புன்னைக்காயல், மாலை காயல்பட்டினம் கடற்கரை, இரவு செந்தூர் ரயில். கொற்கையைப் பார்க்க வேண்டுமென்றால் புன்னைக்காயலைத் தான் விட வேண்டியிருக்கும். வெயில் குறைவாக உள்ள மாதமானால் நான் கொற்கைக்குப் போவேன், கோடையானால் புன்னைக்காயலுக்கு. அங்கேயாவது ஆற்றுக் காற்று வரும்.